சிங்கம், நங்கூரம், ரோஜா: இங்கிலாந்தின் வெள்ளி ஊர்கள்

திங்கள், லண்டன், ஃபாஸ்டர் லேன்

செயின்ட் பால்ஸ் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால் ஃபாஸ்டர் லேன் ஐந்து நிமிட நடைக்குள். பொற்கொல்லர் சங்கத்தின் தலைமையிடமான கோல்ட்ஸ்மித்ஸ் ஹால் அங்கேதான். 1339 முதல் சங்கத்துக்கு இதே மனை. இப்போது நிற்பது ஃபிலிப் ஹார்ட்விக் வடிவமைத்து 1835இல் திறக்கப்பட்ட மூன்றாவது கட்டடம். நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. கண்காட்சி நாட்களிலும் முன்பதிவுச் சுற்றுகளிலும்தான் விடுவார்கள். தேதி பார்க்காமல் போனால் வாசல் தூண்களோடு திரும்ப வேண்டியதுதான்.

நம் ஊர்க் கடைகளில் ‘92.5 வெள்ளி’ என்று சொல்லி விற்கிறார்களே, அந்தக் கணக்கு சட்டமான ஊர் இது. ஆயிரம் பங்கில் 925 வெள்ளி, மீதி 75 பெரும்பாலும் செம்பு. ஏன் 900 இல்லை, 950 இல்லை? பழைய எடையில் போட்டுப் பார்த்தால் புரியும். டிராய் பவுண்டுக்கு 12 அவுன்ஸ். அவுன்ஸுக்கு 20 பென்னிவெயிட். ஆக மொத்தம் 240 பென்னிவெயிட். அதில் 11 அவுன்ஸ் 2 பென்னிவெயிட், அதாவது 222, சுத்த வெள்ளியாக இருக்க வேண்டும். 222ஐ 240ஆல் வகுத்தால் 0.925.

இது முதலில் நாணயத்தின் மாற்று, அதாவது அதிலுள்ள சுத்த வெள்ளியின் அளவு. ஒரு பவுண்டு எடை வெள்ளியில் 240 பென்னி அடித்தார்கள். இங்கிலாந்துப் பணத்தின் பெயரே அந்த எடையில் இருந்து வந்ததுதான். காசும் கரண்டியும் ஒரே உலோகம். கையில் மிஞ்சிய காசை உருக்கிக் கிண்ணமாக அடித்து வைப்பார்கள். கஷ்டம் வந்தால் கிண்ணத்தை உருக்கிக் காசாக்குவார்கள். அதனால் தட்டான் செம்பைக் கூட்டினால் அடிபடுவது வாங்கியவர் மட்டுமல்ல, அரசனின் நாணயமும்தான். வெள்ளி முத்திரைகளின் வரலாறு முழுவதும் ஏமாற்றுக்குப் பின்னால் சட்டம் ஓடிய கதை.

1300இல் முதலாம் எட்வர்டின் சட்டம்: ஸ்டெர்லிங் எனப்படும் இந்த 925 மாற்றுக்குக் குறைந்த வெள்ளிச் சாமான் கூடாது, சங்கத்தின் காவலர்கள் சோதித்துச் சிறுத்தைத் தலை குத்தாமல் பொருள் பட்டறையை விட்டு வெளியேறக் கூடாது. சிறுத்தைத் தலை இருந்தும் கலப்படம் வந்தபோது செய்தவர் யார் என்று தெரியவில்லை. 1363இல் செய்தவர் முத்திரை கட்டாயமானது. செய்தவர் தெரிந்தது, சோதித்து விட்ட அதிகாரி யார்? 1478இல் ஆண்டெழுத்து வந்தது. எழுத்தைப் பார்த்தால் அந்த ஆண்டு உரைத்தவர் மாட்டிக்கொள்வார். இன்று பழம்பொருள் வியாபாரிகள் கொண்டாடும் இந்த எழுத்து, அதிகாரியைப் பிடிக்க வைத்த பொறி.

நடக்கும் சிங்கம் 1544இல் வந்தது. அப்போது எட்டாம் ஹென்றி சொந்த நாணயத்திலேயே செம்பைக் கொட்டிக்கொண்டிருந்தார். ஓரிரு ஆண்டில் காசில் வெள்ளி மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியது. ‘காசு எப்படியோ போகட்டும், இந்தச் சாமான் பழைய மாற்றுதான்’ என்று சொல்ல ஒரு குறி தேவைப்பட்டது. தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்று தட்டானை மட்டும் சொல்கிறோம்.

பழைய சோதனை முறை மூன்று. உரைகல்லில் இழுத்துப் பார்ப்பது வெள்ளிக்கு அவ்வளவு நம்பகமில்லை. 900க்கும் 925க்கும் கோட்டில் வித்தியாசம் தெரியாது. அடுத்தது புடம்: சுரண்டிய துளியை ஈயத் தகட்டில் சுற்றி, எலும்புச் சாம்பலால் செய்த குகையில் (சிறு கிண்ணத்தில்) வைத்துக் காய்ச்சினால் ஈயம் செம்பை ஆக்சைடாக இழுத்துக்கொண்டு சாம்பலில் ஊறிவிடும். நிற்கும் மணியை நிறுத்தால் வெள்ளி. இதில் கொஞ்சம் வெள்ளியும் சாம்பலோடு போய்விடும் என்பதால் விடை சற்றுக் குறைவாகவே வரும். அதைச் சரிசெய்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக். 1830களில் நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அளந்த உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெள்ளி முழுதும் படியும் இடத்தைப் பிடித்தார். இன்று முதல் பார்வைக்கு எக்ஸ்ரே கருவி. அது மேல்தோலை மட்டுமே பார்க்கும் என்பதை மறக்கக் கூடாது. கனமான முலாமைச் சுத்த வெள்ளி என்று சொல்லிவிடும். அமிலத்தில் பலமுறை போட்டெடுத்த சாமானின் மேற்பரப்பில் செம்பு கரைந்துபோயிருப்பதால், உள்ளே 925 உள்ளதை 950 என்று காட்டும். ஓரிடத்தில் கொஞ்சம் அரத்தால் தேய்த்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

செவ்வாய், சவுத் கென்சிங்டன்

விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகம். நுழைவு இலவசம். வெள்ளிக் கூடம் 3ஆம் தளத்தில், 65ஆம் அறையிலிருந்து தொடங்கும் நீள வரிசை. அவசரமாக நடந்தால் எல்லாம் பளபளப்புதான். மூன்று விஷயம் மட்டும் தேடிப் பாருங்கள்.

ஒன்று, 1697க்கும் 1720க்கும் இடைப்பட்ட சாமான்கள். நாணயத்தின் விளிம்பை வெட்டியும் உருக்கியும் சாமான் செய்வது அதிகமானபோது, சாமானின் மாற்றையே காசுக்கு மேலே ஏற்றிவிட்டார்கள்: 11 அவுன்ஸ் 10 பென்னிவெயிட், அதாவது 958. காசை அப்படியே உருக்கி அடித்தால் இனி சோதனையில் தோற்கும். சிங்கத்துக்குப் பதில் உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா உருவம் குத்தினார்கள். 1720இல் ஸ்டெர்லிங் திரும்பி வந்தது, கூடவே அவுன்ஸுக்கு 6 பென்ஸ் தீர்வையும் வந்தது.

தீர்வை வந்ததும் புது வித்தை பிறந்தது. சின்னத் தட்டு ஒன்றைச் சோதனைக்குக் கொடுத்து முத்திரை வாங்கி, அந்த வட்டத்தை மட்டும் வெட்டிப் பெரிய கூஜாவின் அடியில் பற்றவைத்துவிடுவது. ஹியூகனாட் (பிரெஞ்சு புராட்டஸ்டன்ட்) குடும்பத்திலிருந்து வந்த பால் டி லாமெரியின் வேலைப்பாட்டுக்கு இணையில்லை. இந்த ஏய்ப்பில் அவர் பெயரும் அடிபடுகிறது. முத்திரையைச் சுற்றி வாயால் ஊதினால் ஆவி படியும்போது பற்றவைத்த வளையம் கோடாகத் தெரியும். வெள்ளியும் பொடியும் (பற்றவைக்கும் உலோகக் கலவை) ஒரே விதமாக ஈரம் வாங்காது.

இரண்டு, உப்புக் கிண்ணங்கள். உள்புறம் தங்க முலாம் அல்லது நீலக் கண்ணாடிக் கிண்ணி. அழகுக்கு இல்லை. ஈர உப்பு வெள்ளியைத் தின்று கருங்குழி விழ வைக்கும். அந்தக் குழி மெருகில் போகாது. முட்டைக் கரண்டிக்குத் தங்க முலாம் பூசுவது முட்டையில் உள்ள கந்தகத்துக்காக. மீன் கத்தி மட்டும் வெள்ளியில் இருந்ததற்குக் காரணம் எலுமிச்சை: பழைய கார்பன் எஃகு அதில் கறுத்து மீனுக்கு இரும்பு வாடை ஏற்றிவிடும்.

மூன்று, ஜெர்னிங்ஹாம் ஒயின் தொட்டி. கூடத்திலேயே மிகப் பெரிய சாமான். ஆனால் இது அசல் இல்லை, மின்முறையில் படிய வைத்த நகல். சார்ல்ஸ் கேண்ட்லர் செய்த அசல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜில் உள்ளது. நகலைச் செய்த எல்கிங்டன் நிறுவனத்தைத் தேடித்தான் அடுத்து பர்மிங்காம்.

நம் பக்கத்துக் கணக்கு ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் பி. ஆர் அண்டு சன்ஸ் தெய்வ உருவங்கள் கொண்ட ‘சுவாமி’ வேலைப்பாட்டுத் தேநீர்ச் சாமான்களை ஆங்கிலேயருக்குச் செய்து விற்றது. இந்தியாவில் அன்று சோதனை நிலையம் கிடையாது. கடையின் பெயர் முத்திரைதான் உத்தரவாதம். ரூபாயை உருக்கிச் சாமான் செய்வது வழக்கம். ரூபாயின் மாற்றோ 12இல் 11 பங்கு, அதாவது 916 சொச்சம். அதனால் சிங்கம் இல்லாத பழைய மதராஸ் வெள்ளியை ‘ஸ்டெர்லிங்’ என்று யாராவது விற்றால் நிறுத்திக் கேளுங்கள்.

புதன், சான்சரி லேன்

லண்டன் சில்வர் வால்ட்ஸ் தரைக்கு அடியில். 19ஆம் நூற்றாண்டில் பணக்காரர்கள் பொருளைப் பூட்டி வைக்கக் கட்டிய காப்பறைகள் இப்போது கடைகள். இரண்டாம் உலகப் போரில் மேலே இருந்த கட்டடம் குண்டில் போனது, அறைகள் தப்பின. நுழைவுக் கட்டணம் இல்லை. ஞாயிறு மூடியிருக்கும்.

வாங்காவிட்டாலும் கையில் எடுத்துப் பார்க்கக் கொடுப்பார்கள், அருங்காட்சியகத்தில் கிடைக்காத பாடம் அது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். பார்க்க வேண்டிய வரிசை: சிங்கம் உண்டா, எந்த ஊர், எந்த எழுத்து, யார் முத்திரை. லண்டன் சிறுத்தைக்கு 1821 வரை தலையில் கிரீடம் உண்டு, அதன் பிறகு இல்லை. பர்மிங்காம் நங்கூரம். ஷெஃபீல்டு 1975க்கு முன் கிரீடம், பின் ரோஜா. 1784 முதல் 1890 வரை அரசர் அல்லது அரசி தலையும் இருக்கும். தீர்வை கட்டிய அடையாளம். 1975க்கு முந்திய லண்டன் எழுத்துச் சுற்றில் 20 எழுத்து மட்டும். அதே எழுத்து வேறு சுற்றில் வேறு ஆண்டு. எழுத்தின் வடிவத்தோடு அதைச் சுற்றியுள்ள கேடயத்தின் வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆண்டு சரியாகும்.

1999 முதல் சிங்கமும் ஆண்டெழுத்தும் கட்டாயம் இல்லை. இப்போது வேண்டியவை மூன்று: பொறுப்பாளர் முத்திரை, முட்டை வடிவத்துக்குள் 925 என்ற எண், சோதனை நிலையக் குறி. 7.78 கிராமுக்குக் குறைந்த வெள்ளிக்கு முத்திரையே தேவையில்லை. மெல்லிய கம்மலில் முத்திரை இல்லை என்றால் அது மட்டும் குற்றமாகாது.

எங்கே ஏமாறுவோம்? சாமானில் பழைய உடைமையாளர் பெயரெழுத்தை அரம் போட்டு அழித்திருப்பார்கள். கட்டைவிரலால் அழுத்தினால் அந்த இடம் தகரம் போல் உள்ளே போய் வரும். முள்கரண்டியின் பற்கள் தேய்ந்து குட்டையாகியிருக்கும். நல்ல நிலையில் உள்ளதோடு பக்கத்தில் வைத்து அளவு பாருங்கள். இ.பி.என்.எஸ். என்றால் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை மேல் வெள்ளி முலாம். அந்த எழுத்துகளையே தனித்தனிக் கேடயத்தில் அடித்து முத்திரை மாதிரி தோன்ற வைப்பார்கள். சிங்கமோ பிரிட்டானியாவோ சோதனை நிலையக் குறியோடு 925 எண்ணோ இல்லையா, வெள்ளி விலை கொடுக்காதீர்கள்.

எடை போடும்போது கத்தியைக் கழித்துவிட வேண்டும். கைப்பிடி மெல்லிய வெள்ளி உறை. உள்ளே அரக்கு, அலகு எஃகு. மெழுகுவர்த்தித் தண்டும் அப்படித்தான். மீதியின் கிராமை 0.925ஆல் பெருக்கி அன்றைய விலை போட்டால் உருக்கு மதிப்பு. அதற்கு மேல் கேட்பது வேலைக்கும் வயதுக்கும்.

பழைய தேநீர்க் கூஜாவின் கைப்பிடியில் சூடு ஏறாமல் இரண்டு வெள்ளை வளையம் இருந்தால் அது பெரும்பாலும் தந்தம். இங்கிலாந்தில் விற்கவே பதிவு வேண்டும். எல்லை தாண்ட சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) அனுமதி வேண்டும். இந்தியாவுக்கு எடுத்து வருகிற எண்ணமிருந்தால் தொடவே வேண்டாம்.

வெள்ளி, பர்மிங்காம்

(கிழமையும் வெள்ளியாக அமைந்துவிட்டது. வியாழன் ரயிலிலும் மழையிலும் போயிற்று.)

ஸ்னோ ஹில் நிலையத்திலிருந்து அடுத்த நிறுத்தம் ஜுவல்லரி குவார்ட்டர். நகைப் பட்டறைகள் இன்னும் இயங்கும் பேட்டை. ஆல்பியன் தெருவில் ஜே.டபிள்யூ. எவன்ஸ் வெள்ளித் தொழிற்சாலை: 1881இல் தொடங்கியது, இப்போது இங்கிலிஷ் ஹெரிடேஜ் பராமரிப்பில். முன்பதிவு செய்த வழிகாட்டிச் சுற்று மட்டும்தான். நான்கு வீட்டை ஒன்றாக்கிய பட்டறை, சுவர் முழுக்க எஃகு அச்சுகள். துடைத்து அலங்கரிக்காமல் விட்டிருப்பதே அதன் பெருமை.

அச்சில் அடிப்பது இப்படி. எஃகுக் கட்டியில் பூவேலையைத் தலைகீழாக, குழியாக வெட்டுகிறார்கள். அந்தக் குழியில் ஈயத்தையோ செம்பையோ அமுக்கி எதிரச்சு எடுத்து, மேலிருந்து விழும் சம்மட்டியில் பொருத்துகிறார்கள். நடுவில் வெள்ளித் தகடு. ஒரே அடியில் ஆழத்துக்கு இறக்கினால் தகடு கிழியும். கொஞ்சம் அடி, எடு, காய்ச்சு, மறுபடி அடி. மெழுகுவர்த்தித் தண்டு இரண்டு பாதியாக வரும். விளிம்பைச் சீவி, வைத்துக் கட்டி, பொடி போட்டுப் பற்றவைத்து, அடியை அரக்கும் சாந்தும் கொண்டு நிரப்பிக் கனமாக்குவார்கள். கையால் அடிப்பதைவிடக் குறைந்த வெள்ளி போதும். அதனால்தான் நடுத்தரக் குடும்பத்து மேஜைக்கும் வெள்ளி வந்தது. அதனால்தான் அதைச் சுடுநீரில் ஊறவிட்டால் அரக்கு இளகி அடி பிதுங்குகிறது.

சோதனை நிலையத்தை இந்த ஊர் போராடி வாங்கியது. 1773க்கு முன் மேத்யூ போல்ட்டன் தன் சாமானை முத்திரைக்காக செஸ்டருக்கு அனுப்ப வேண்டும்; திரும்பும் வழியில் நசுங்கிக் கீறி வரும். லண்டன் பொற்கொல்லர்கள் எதிர்த்தும் நாடாளுமன்றம் பர்மிங்காமுக்கும் ஷெஃபீல்டுக்கும் ஒன்றாக அனுமதி கொடுத்தது. கடலே பார்க்காத ஊருக்கு நங்கூரம் எப்படி வந்தது? இரு ஊர்ப் பிரதிநிதிகளும் கூடிப் பேசிய லண்டன் விடுதியின் பெயர் கிரவுன் அண்டு ஆங்கர். ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள் என்பது ஊர் வழக்கு.

எல்கிங்டன் 1840இல் காப்புரிமை வாங்கிய முறை எளியது, விஷமானது. பொட்டாசியம் சயனைடு கரைசலில் வெள்ளி. சுத்த வெள்ளித் தகடு ஒரு முனை, முலாம் ஏற வேண்டிய சாமான் மறுமுனை. மிகக் குறைந்த மின்னழுத்தம். மின்னோட்டத்தைக் கூட்டினால் வேகமாக ஏறும், ஆனால் சொரசொரவென்று கருகி உதிரும். எண்ணெய்ப் பிசுக்கு ஒரு விரல் ரேகை அளவு இருந்தாலும் அங்கே முலாம் கொப்புளித்துக் கிளம்பும். முலாம் கம்பெனி என்று பெயரெடுத்தாலும் அசல் வெள்ளியும் செய்தார்கள்: விம்பிள்டன் பெண்கள் ஒற்றையர் கோப்பையான வீனஸ் ரோஸ்வாட்டர் தட்டு 1864இல் எல்கிங்டன் செய்தது, ஸ்டெர்லிங் வெள்ளியில் அங்கங்கே தங்க முலாம்.

சனி, ஷெஃபீல்டு

பர்மிங்காமிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் மில்லேனியம் கேலரி. உலோகச் சாமான் பகுதியில் ஊரின் கைவேலை வரிசையாக உள்ளது.

தாமஸ் போல்சோவர் 1743 வாக்கில் கத்திப் பிடி ஒன்றைச் சரிசெய்யும்போது வெள்ளியும் செம்பும் சூட்டில் ஒட்டிக்கொண்டதையும், ஒட்டியது ஒரே உலோகம்போல் நீள்வதையும் கண்டார். பழைய ஷெஃபீல்டு பிளேட் பிறந்தது. செம்புக் கட்டியின் முகத்தைக் கண்ணாடிபோல் சுத்தம் செய்து, மேலே வெள்ளித் தகடு வைத்து, கம்பியால் கட்டி, ஓரத்தில் வெங்காரம் தடவி உலையில் வைப்பார்கள். வெள்ளியின் விளிம்பு கசியத் தொடங்கும் நொடியில் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் வெள்ளி ஓடிச் செம்போடு கலந்துவிடும். பிறகு உருளையில் கொடுத்தால் இரண்டும் ஒரே விகிதத்தில் மெலியும். வெட்டிய ஓரத்தில் செம்பு சிவப்பாகத் தெரியுமே? வெள்ளியை இழுத்து மடித்து மூடினார்கள். விளிம்பின் அடியில் நகத்தை ஓட்டினால் மடிப்பு தடுக்கும், மின்முலாமில் தடுக்காது. அசல் பிளேட்டில் செம்பு எட்டிப் பார்த்தால் மறுபடி முலாம் பூசச் சொல்லாதீர்கள், இருக்கும் மதிப்பும் போய்விடும்.

இனி ஸ்டெர்லிங்கைக் கையால் அடிப்பதன் நுணுக்கம். கிண்ணத்துக்கு 0.9 முதல் 1.2 மில்லிமீட்டர் தகடு. வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய கிண்ணத்தின் சராசரி அகலமும் உயரமும் சேர்ந்த அளவு. குதிரையின் (அடிதாங்கும் இரும்பின்) மேல் சாய்த்து வைத்து வெளிப்பக்கத்தில் அடியிலிருந்து விளிம்பு நோக்கிச் சுற்றுச் சுற்றாக அடித்துச் சுருக்க வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் வெள்ளி விறைத்துவிடும். இன்னொரு சுற்று பார்த்துக்கொள்ளலாம் என்று அடித்தால் வாய் விளிம்பில் கீறல் விழும். விளிம்பு கிழிந்தால் அந்த அளவுக்கு வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை.

விறைத்ததை மென்மையாக்கக் காய்ச்சுவது 600 முதல் 650 டிகிரி வரை. அறையை இருட்டாக்கிவிட்டுப் பார்த்தால் மங்கிய சிவப்பு தெரியும். வெயிலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குப் படாது, தெரியும் வரை காய்ச்சினால் கை மீறிவிடும். 800 டிகிரியைத் தாண்டினால் உள்ளே உருகத் தொடங்கும். சிவப்பு மறைந்ததும் தண்ணீரில் போட வேண்டும். செம்பு வெள்ளியில் கரையும் எல்லை அதிகச் சூட்டில் நூற்றுக்கு 9 பங்குக்குச் சற்றுக் குறைவு, 7.5 அதற்குள் அடங்குகிறது. சட்டெனக் குளிர்ந்தால் கரைந்தது கரைந்தபடி நிற்கும், மென்மையாக இருக்கும். முடித்த சாமானை 300 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி வைத்தால் செம்பு நுண்ணியதாகப் பிரிந்து உலோகம் கெட்டிப்படும்.

தண்ணீருக்குப் பின் நீர்த்த கந்தக அமிலம், பத்தில் ஒரு பங்கு, வெதுவெதுப்பாக. அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. இரும்பு இடுக்கி பட்டால் சாமான் முழுக்கச் செம்பு ஏறிச் சிவக்கும். செம்பு இடுக்கி பயன்படுத்துங்கள்.

ஸ்டெர்லிங்கின் தீராத வியாதி தீக்கறை. காய்ச்சும்போது காற்று உள்ளே புகுந்து தோலுக்கு அடியில் செம்பை ஆக்சைடாக்கும். அமிலத்தில் வெள்ளையாகத் தெரியும் சாமான், மெருகு போட்டதும் ஊதா நிழலாகத் திட்டுத் திட்டாகக் கறுக்கும். தேய்த்து எடுக்க ஸ்காட்லாந்தின் நீர்க்கல்லும் பொறுமையும் வேண்டும். முன்கூட்டியே வெங்காரமோ போரிக் அமிலமோ தடவிக் காய்ச்சுவது நல்லது. இன்னொரு வழி, மெருகே போடாமல் பலமுறை காய்ச்சி அமிலத்தில் போட்டுச் சுத்த வெள்ளித் தோலை வரவழைத்து அப்படியே விடுவது. செம்பில் கொஞ்சத்துக்குப் பதில் ஜெர்மானியம் சேர்த்த ஆர்ஜென்டியத்தில் இந்தக் கறை வராது. பீட்டர் ஜான்ஸ் 1990களில் உருவாக்கியது. ஆனால் சிவந்த சூட்டில் தாங்கல் இல்லாமல் இருந்தால் தன் எடையிலேயே தொய்ந்துவிடும்.

பற்றவைக்கும்போது பொடி மூன்று தரம்: கடினம், நடுத்தரம், எளிது. முதல் இணைப்புக்கு அதிகச் சூட்டில் உருகுவது, கடைசிக்குக் குறைந்த சூட்டில் உருகுவது. மாற்றிப் போட்டால் இரண்டாவது இணைப்பு வைக்கும்போது முதலாவது கழன்று விழும். முத்திரைக்குப் போகும் ஸ்டெர்லிங்கில் பொடியிலேயே ஆயிரத்துக்கு 650 பங்கு வெள்ளி இருக்க வேண்டும். ஈயப் பற்று இருந்தால் திருப்பிவிடுவார்கள்.

ஞாயிறு, மூட்டை கட்டுதல்

வெள்ளி கறுப்பது காற்றில் உள்ள கந்தகத்தால். ஆகவே கம்பளித் துணி, ரப்பர் வளையம், செய்தித்தாள் மூன்றும் கூடாது. ரப்பர் வளையத்தின் தடம் காகிதத்தைத் தாண்டியும் கறுப்புக் கோடாக விழும். அமிலமற்ற மெல்லிய காகிதம், அதன்மேல் பிளாஸ்டிக் பை, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடினால் போதும். சென்னைக் காற்றுக்குப் பைக்குள் ஒரு சிலிக்கா பொட்டலமும் போடலாம்.

கறுத்துவிட்டால், அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் சாமான் தாளைத் தொடும்படி வைத்து, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்த கொதிநீரை ஊற்றுங்கள். கந்தகம் அலுமினியத்துக்குப் போய் வெள்ளி திரும்பும், தேய்மானம் இல்லை. அரக்கு நிரப்பிய கைப்பிடி, கல் பதித்த நகை, வேண்டுமென்றே கறுப்பேற்றிய வேலைப்பாடு இவற்றை இதில் போடாதீர்கள். பல்பொடி வேண்டாம், அதில் உள்ள உராய்பொருள் கீறும், முத்திரையை வருடாவருடம் கொஞ்சம் தின்னும். பாத்திரம் கழுவும் இயந்திரமும் ஆகாது: உப்பு, சூடு இரண்டும் சேர்ந்து கெடுக்கும், எஃகுக் கரண்டி பக்கத்தில் இருந்தால் தொடும் இடத்தில் கரும்புள்ளி விழும்.

விமானத்தில் வெண்ணெய்க் கத்தி உட்பட எல்லாக் கத்தியும் பெட்டிச் சரக்கில்தான். ரசீதில் எடையும் 925 என்ற எண்ணும் எழுதி வாங்குங்கள், சுங்கத்தில் கேட்பார்கள்.